முதலிடம் எந்த ஆல்பத்துக்கு? ஊசியைத் தூக்கினால் தெரியும்

கேள்வி: எழுபதுகளின் ப்ராக்ரெசிவ் ராக்கை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ரசிகர்கள் போடும் பட்டியல்களில் யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்', கிங் கிரிம்சனின் முதல் ஆல்பமான 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்', பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்', ஜெனிசிஸின் 'செல்லிங் இங்லண்ட் பை த பவுண்ட்' ஆகிய நான்கும் மாறி மாறி மேலே நிற்கின்றன. ஐம்பது வருஷமாகியும் ஏன் ஒரு முடிவுக்கு வரவில்லை? நீங்கள் போட்டால் எப்படிப் போடுவீர்கள்?

பதில்:

இந்தச் சண்டையில் நானும் பல தடவை இறங்கியிருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன். பார்த்த வரையில் ஒன்று தெரிகிறது. ஆளாளுக்குத் தன் ஆல்பத்தின் சிறந்த பத்து நிமிஷத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஜெனிசிஸ் ஆள் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டின் கிட்டார் சோலோவோடு வருவார். ஃப்ளாய்ட் ஆள் 'டைம்' பாட்டின் கடிகாரங்களை அடிக்கவிடுவார். கிரிம்சன் ஆள் பேசவே மாட்டார். 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்' பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சிறந்த பத்து நிமிஷம் நான்கு ஆல்பத்திலும் இருக்கிறது. அதை வைத்து மோதினால் விடிய விடிய மோதலாம்.

நான் பார்ப்பது மோசமான பத்து நிமிஷத்தை. இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த இடத்தில் எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிடலாமா என்று கை பரபரக்கிறது? அப்படி ஓர் இடம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு நீளம்? மற்ற வகை இசைக்கு இந்த அளவுகோல் அநியாயம்தான். பத்துப் பாட்டு இருக்கிற பாப் ஆல்பத்தில் ஒன்று சொத்தையாக இருந்தால் போகட்டும், மூன்று நிமிஷம். ப்ராக் என்று சுருக்கமாகச் சொல்லும் ப்ராக்ரெசிவ் ராக்கில் பாட்டுகள் நீளம், ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாட்டு, ஐந்து பாட்டு. ஒன்று சொத்தை என்றால் கால்வாசி ஆல்பம் போச்சு.

இதில் எல்பி தட்டின் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிஷம் வரை நல்ல சத்தத்தோடு வெட்டலாம். அதற்கு மேல் போனால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும், பேஸ் என்கிற கனத்த கீழ்ச்சத்தம் மெலிந்துபோகும். பிரபலமான நீளப் பாட்டுகள் எல்லாம் பெரும்பாலும் 18 நிமிஷத்துக்கும் 23 நிமிஷத்துக்கும் நடுவில் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். யெஸ்ஸின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாட்டு 19 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' கிட்டத்தட்ட 23, ரஷ் குழுவின் '2112' சுமார் 20. கற்பனை எல்லாருக்கும் சொல்லிவைத்தாற்போல் இருபதாவது நிமிஷத்தில் வற்றவில்லை. தட்டு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, கிரிம்சனிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் அளவுகோல் பிறந்த இடம் அது.

கல்லூரியில் படித்தபோது ஒரு ரெகார்டிங் கடையில் தொண்ணூறு நிமிஷக் கேசட் ஒன்றைக் கொடுத்து, ஒரு பக்கம் 'டார்க் சைட்', மறு பக்கம் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' என்று பதிந்து வாங்கினேன். அந்தக் கேசட்டில் 'மூன்சைல்ட்' என்கிற பாட்டு இரண்டரை நிமிஷத்தில் முடிந்து, அடுத்த நொடியே கடைசிப் பாட்டு வந்துவிடும். அழகான குட்டிப் பாட்டு என்றே வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சிடி வாங்கியபோதுதான் அது பன்னிரண்டு நிமிஷப் பாட்டு என்று தெரிந்தது. பாடுவது நின்றபிறகு கிட்டாரும் வைப்ரஃபோனும் ட்ரம்ஸும் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போகின்றன. பிடித்துக்கொள்ள மெட்டு கிடையாது, தாளமும் கிடையாது. ஊருக்குப் போனபோது கடைக்காரரிடமே கேட்டேன். "அந்தத் தட்டா? பாட்டு முடிஞ்சதும் சும்மா டிங்கு டிங்குனு ஏதோ சத்தம் வரும் தம்பி. யார் கேட்டாலும் அதைத் தள்ளிவிட்டுத்தான் பதிஞ்சு கொடுப்பேன்" என்றார். அந்த ஆல்பத்துக்கு அதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அது என் பட்டியலில் மூன்றாவது. 1969 அக்டோபரில் வந்த ஆல்பம். 1969 ஜனவரியில்தான் ஒத்திகையே ஆரம்பித்திருக்கிறார்கள். ஜூலை 5ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால் ஏறி வாசித்தபோது அவர்கள் கையில் ஒரு ஆல்பம்கூடக் கிடையாது. 'ஸ்கிட்ஸாய்ட் மேன்' பாட்டின் நடுவில் நான்கு பேரும் ஓடிப்போய்ச் சட்டென்று நின்று, மறுபடி ஓடி, மறுபடி நிற்கிற இடம் ஒன்று வரும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் கோர்வையை ஒன்றாக வாசித்து முடிக்கிற இடம் ஞாபகத்துக்கு வரும். அந்த நிறுத்தங்களில் நூலிழை பிசகு கிடையாது.

அப்புறம் மெல்லோட்ரான். இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஆல்பம் வேறு மாதிரி கேட்கும். பார்க்க கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப். அதில் நிஜமான வயலின்காரர்களோ புல்லாங்குழல்காரரோ வாசித்த ஒற்றைச் சுரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், விட்டால் சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். டேப் எட்டு வினாடிதான். அதற்கு மேல் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரு ஸ்வரக்கொத்து தேய்வதற்குள் அடுத்ததற்குப் போயாக வேண்டும். பீட்டில்ஸும் மூடி ப்ளூஸும் இதை முன்பே பயன்படுத்தியிருந்தார்கள்தான். ஆனால் 'எபிடாஃப்' பாட்டிலும் தலைப்புப் பாட்டிலும் குழுவின் இயன் மெக்டொனால்ட் வாசிக்கும்போது, அலை அலையாக எழும்பி எழும்பி விழுகிற அந்தச் சத்தம் ப்ராக் ராக்கின் முகவரியாகவே ஆகிவிட்டது. டேப்பின் லேசான நடுக்கமும் சேர்ந்து கேட்கும். சுத்தமான டிஜிட்டல் நகல்களில் எனக்கு அந்தச் சோகம் வருவதில்லை.

அட்டையில் வாயைப் பிளந்து அலறும் அந்தச் சிவப்பு முகத்தை வரைந்தவர் பாரி காட்பர், கம்ப்யூட்டர் புரோகிராமராக இருந்தவர். ஆல்பம் வந்து சில மாதங்களில், 24 வயதில் இறந்துபோனார். குழுவும் நிலைக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தோடு மெக்டொனால்டும் ட்ரம்மர் மைக்கேல் ஜைல்ஸும் விலகிக்கொண்டார்கள். இதைச் செய்த அதே ஆட்கள் சேர்ந்து இரண்டாவது ஆல்பம் என்று ஒன்று செய்யவே இல்லை.

இப்போது 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. 1972 செப்டம்பர். மூன்றே பாட்டு, மொத்தம் 38 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பறவைச் சத்தம், ஓடும் தண்ணீர்ச் சத்தம், அது பெருகிக்கொண்டே வரும்போது நாலாபக்கமும் சிதறுகிற மாதிரி ஸ்டீவ் ஹவ்வின் கிட்டார். முதல் தடவை கேட்கிறவருக்கு நான்கு பேரும் நான்கு வேறு பாட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். நடுநடுவே எல்லாம் திடீரென்று அறுபட்டு, பாடுகிறவர்கள் ஒரே ஒரு 'ஆ' போடுவார்கள்; உடனே மறுபடி களேபரம். மூன்றாவது நிமிஷத்தை நெருங்கும்போதுதான் மெட்டு என்று ஒன்று தலைகாட்டும்.

லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டோடு உட்கார்ந்து இதைத் துண்டு துண்டாகப் பதிந்து, டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்த்தார்கள். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசித்துப் பதியவில்லை. அடுத்த துண்டு என்ன என்று அன்றன்றைக்கு முடிவு செய்து, அதற்கு முந்தைய துண்டோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அந்த வேலையிலேயே நொந்துபோன ட்ரம்மர் பில் ப்ரூஃபோர்ட், பதிவு முடிந்ததும் யெஸ்ஸை விட்டுவிட்டுக் கிங் கிரிம்சனில் சேர்ந்தார். குழு புகழின் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்.

என் அளவுகோலுக்கு இதில் சரியான சோதனை 'ஐ கெட் அப், ஐ கெட் டவுன்' என்ற நடுப்பகுதி. எட்டு நிமிஷம் ஓட்டமாக ஓடிய பாட்டு அங்கே வந்து படுத்துவிடும். ட்ரம்ஸ் நின்றுவிடும். சொட்டுச் சொட்டாக விழும் சுரங்கள், மேலே இரண்டு வரி பின்னிப் பாடுகிற குரல்கள். கை பரபரக்க வேண்டிய இடம் இதுதான், ஆனால் பரபரப்பதில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்த 'ஐ கெட் அப், ஐ கெட் டவுன்' என்ற வரி புதிதே இல்லை. வேகமான பகுதிகளில் பல்லவியின் வாலாக முன்பே வந்துவிட்டது. அங்கே அவசர அவசரமாகக் கடந்துபோன அதே வரியை இங்கே விளம்பத்தில் விரித்து உட்காரவைக்கிறார்கள். காது அதை அடையாளம் கண்டுகொள்கிறது, அதனால் காத்திருக்கிறது. பிறகு லண்டன் செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் ரிக் வேக்மன் வாசித்துப் பதிந்த குழாய் ஆர்கன் வந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அந்த ஆர்கனுக்கு முந்தைய மௌனத்தைக் குறைத்திருந்தால் ஆர்கன் இவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்காது.

பாடல் வரிக்கு அர்த்தம் கேட்காதீர்கள். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலைப் படித்த பாதிப்பில் எழுந்தது, ஆற்றங்கரைதான் அந்த 'எட்ஜ்' என்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். பாடகர் ஜான் ஆண்டர்சன் சொற்களை ஓசைக்காக எடுக்கிறவர். இதே ஆல்பத்தில் வரும் 'சைபீரியன் கட்ரு' பாட்டின் தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் பலர். அவருடைய குரலின் உயரமே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்களோடு நான் வாதாடுவதில்லை, மிளகாய் ஒத்துக்கொள்ளாதவரிடம் சட்னியின் அருமையைச் சொல்லி என்ன பயன்?

'டார்க் சைட்' வரும்போதெல்லாம் முதலில் கிளம்பும் சண்டை, இது ப்ராக்தானா என்பது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2015இல் போட்ட ஐம்பது ப்ராக் ஆல்பங்களில் இதற்கு முதலிடம், கிரிம்சன் கிங்குக்கு இரண்டாவது, 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஐந்தாவது. மூன்றாவதாக ரஷ்ஷின் 'மூவிங் பிக்சர்ஸ்'. தீவிர ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ப்ளூஸும் பாலாட்டும் ஸ்டூடியோ வித்தையும் சேர்ந்தது எப்படி ப்ராக் ஆகும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. 'மனி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு எண்ணிக்கைத் தாளம். மிஸ்ர சாபுக்குப் பழகிய கை தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். ஆரம்பத்தில் கேட்கும் கல்லாப்பெட்டி, சில்லறை, கிழிபடும் காகிதச் சத்தங்கள் ஏழும் ஏழு துண்டு டேப். ஒவ்வொரு துண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, வளையமாக ஒட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். தாளத்தை அங்குலக் கணக்கில் வெட்டியவர்களைப் போய் ப்ராக் இல்லை என்றால் எப்படி? ஆனால் ஒன்று, சாக்சஃபோன் சோலோ ஏழிலேயே ஓடும். கிட்டார் சோலோ வரும்போது சமர்த்தாக நான்குக்கு மாறிவிடுவார்கள். டேவிட் கில்மோருக்கு அங்கே நிம்மதியாக வாசிக்க வேண்டியிருந்தது. 'டார்க் சைட்' முழுக்கவுமே இந்தக் குணம்தான். கேட்கிறவருக்குக் கஷ்டம் வருகிற இடத்தில் வழியை அகலப்படுத்திவிடுவார்கள்.

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்த ஆல்பம் இது. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டில் சொல்லே இல்லாமல் அழுது தீர்க்கும் கிளேர் டோரிக்கு அன்றைக்குக் கிடைத்த கூலி 30 பவுண்ட். முப்பது வருஷம் கழித்து வழக்குப் போட்டார், 2005இல் சமரசமாகி, இசையமைத்தவர் வரிசையில் அவர் பெயரும் ஏறியது. பட்டியல்காரர்கள் இதைப் பேசுவதில்லை. நான் பேசுவேன், ஏனென்றால் முதல் பக்கம் முடியும்போது ஊசியைத் தூக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் குரல்தான்.

இப்போது என் அளவுகோலே என்னை மாட்டிவிடுகிறது. ஊசியைத் தூக்கத் தோன்றாத ஆல்பம் என்றால் 'டார்க் சைட்' அல்லவா முதலில் வர வேண்டும்? அதில் சலிப்பான இடம் என்று பார்த்தால் 'ஆன் த ரன்' மட்டும்தான், அதுவும் மூன்றரை நிமிஷம். இதற்கு நான் சொல்லும் பதிலை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். கயிற்றில் நடந்தவனும் கீழே விழவில்லை, தரையில் நடந்தவனும் விழவில்லை. இரண்டையும் ஒரே கணக்கில் வைக்க என்னால் முடியவில்லை. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' விழுவதற்கு ஐம்பது இடம் இருந்தது.

அதே காரணத்துக்காக ஃப்ளாய்டில் நான் மேலே வைப்பது 'விஷ் யூ வேர் ஹியர்', 1975. 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டில் முதல் சொல் வருவதற்கு எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், ஆனால் கில்மோரின் அந்த நான்கு சுரம் விழுந்தபிறகு எழுந்து போக முடியாது. அந்தப் பாட்டு யாரைப் பற்றியதோ, குழுவின் பழைய தலைவர் சிட் பாரெட், அவர் 1975 ஜூன் 5 அன்று சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். உடம்பு பெருத்து, தலையையும் புருவத்தையும் மழித்திருந்தார். கூட வாசித்த நண்பர்களுக்கே கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அழுதிருக்கிறார்கள்.

'செல்லிங் இங்லண்ட்' பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், பலருக்குக் கோபம் வரும். 1973இல் வந்த இதன் சிறந்த இருபது நிமிஷத்தைத் தனியே எடுத்தால் உலகத்திலேயே எதுவும் பக்கத்தில் வராது. பீட்டர் கேப்ரியல் துணைக்கு எதுவும் இல்லாமல் தனிக்குரலில் ஆரம்பிக்கும் முதல் பாட்டு. 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டில் டோனி பேங்க்ஸின் பியானோ முகப்பு, அதிலேயே பிறகு புல்லாங்குழல் வாசித்த மெட்டை ஸ்டீவ் ஹாக்கெட் கிட்டாரில் நீட்டி நீட்டி இழுப்பது. 'சினிமா ஷோ' பாட்டின் பின்பாதியில் ஏழு எண்ணிக்கையில் ஓடும் கீபோர்டு. கேட்டுக்கொண்டே செத்துப்போகலாம். ஆனால் இரண்டாம் பக்கத்தை வைத்ததும் வருவது 'பேட்டில் ஆஃப் எப்பிங் ஃபாரஸ்ட்', கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிஷம். லண்டன் தாதா கும்பல்களின் சண்டை. கேப்ரியல் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல் போட்டுப் பேசித் தீர்க்கிறார், இசைக்கு மூச்சுவிட இடமில்லை. குழுவினரே பிற்பாடு சொற்கள் அதிகமாகிவிட்டன என்று ஒத்துக்கொண்டார்கள். நான்கு நல்ல பாட்டுக்கு மெட்டு அந்த ஒன்றுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. மொத்த ஆல்பம் 53 நிமிஷம், இரண்டாம் பக்கம் மட்டும் 28 நிமிஷத்துக்கு மேல். முன்னே சொன்ன தட்டுக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய தட்டில் 'சினிமா ஷோ' மெலிந்துபோய்க் கேட்பதற்கு அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு நிமிஷமும் ஒரு காரணம்.

அட்டைப்படத்தையும் பாருங்கள். பெட்டி ஸ்வான்விக் வரைந்த ஓவியம், தோட்டத்து பெஞ்சில் ஒருவர் தூங்குகிறார். புல் வெட்டும் கருவி மட்டும் குழு கேட்டுக்கொண்டதற்காகப் பிறகு சேர்த்தது.

கிரிம்சனின் 'ரெட்', 1974. ராபர்ட் ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டேன் என்று அறிவித்த பிறகு வெளியான ஆல்பம். இதிலும் ஒரு 'மூன்சைல்ட்' இருக்கிறது: 'ப்ராவிடன்ஸ்', அமெரிக்காவில் அந்தப் பெயருள்ள ஊரில் மேடையில் வாசித்ததை அப்படியே தூக்கிப் போட்ட எட்டு நிமிஷம். கை தாராளமாகப் பரபரக்கும். ஆனால் ஊசியை அடுத்த பள்ளத்தில் இறக்கினால் 'ஸ்டார்லெஸ்'. பன்னிரண்டு நிமிஷம். முதலில் மெல்லோட்ரானும் ஜான் வெட்டனின் குரலுமாக மெதுவான பாட்டு. அது நின்றதும் பதின்மூன்று எண்ணிக்கையில் பேஸ் நடக்க ஆரம்பிக்கும், மேலே ஃப்ரிப் கிட்டாரில் ஒரே சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து அரைப்படி மேலே. மறுபடியும் அதே மாதிரி தட்டல். சோலோ என்றாலே விரல் ஓட்டம் என்றிருந்த காலத்தில், ஒற்றைச் சுரத்தை வைத்துக்கொண்டு நான்கு நிமிஷம் ஒரு அறையையே மூச்சுமுட்ட வைக்கிறார். ப்ரூஃபோர்ட் பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான்களை உருட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் எல்லாம் உடைந்து, ஆரம்பத்துப் பாட்டின் மெட்டு சாக்சஃபோனில் திரும்பி வரும்போது எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். யெஸ்ஸை விட்டுவிட்டு வந்த ப்ரூஃபோர்ட் சரியாகத்தான் செய்தார்.

யெஸ்ஸின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தச் சண்டைகளில் அதை யாராவது இழுக்காமல் விடுவதில்லை. 1973 மார்ச்சில் ப்ரூஃபோர்டின் கல்யாண வரவேற்பில் கிரிம்சனின் தாளக்காரர் ஜேமி முயர், ஜான் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் பற்றிச் சொல்கிறார். ஆண்டர்சன் டோக்கியோவில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து படிக்கும்போது ஓர் அடிக்குறிப்பு கண்ணில் படுகிறது. சாஸ்திரங்கள் நான்கு வகை: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். அவ்வளவுதான், நான்கு பக்கத்துக்கு நான்கு பாட்டு, எண்பது நிமிஷம். ஒரு அடிக்குறிப்பை ஊதி இரட்டை ஆல்பம் ஆக்கியவர்கள் வேறு யாரும் இல்லை. நம் ஆட்களுக்கு இதில் ஒரு குறுகுறுப்பு இருக்கும் என்று தெரியும்; சங்கீதத்தில் நம் சாயல் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், கிடைக்காது. வேக்மனுக்கு இந்த ஆல்பமே பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியில் இது ஓடிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இந்தியச் சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்ட கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சாஸ்திரத்துக்குக் கறிக்குழம்பு நைவேத்தியம். அடுத்த வருஷமே குழுவை விட்டுப் போனார். என் கணக்கில் நான்கு பக்கத்தில் முதலும் கடைசியும் நிற்கும், நடுவில் நாற்பது நிமிஷம் கை பரபரக்கும். பட்டியலில் இடம் இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஜெத்ரோ டல்லின் 'திக் ஆஸ் எ பிரிக்', 1972: முந்தைய ஆல்பத்தைக் கதைத்தொடர் ஆல்பம் என்று விமர்சகர்கள் சொல்லிவிட்டதால், சரி இந்தா என்று இயன் ஆண்டர்சன் செய்த நக்கல். ஒரே பாட்டு, இரண்டு பக்கம், அட்டையாகப் பன்னிரண்டு பக்கப் பொய் செய்தித்தாள். கிண்டலுக்குச் செய்தது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. முதல் பக்கம் பொன், இரண்டாவது பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது. வான் டர் கிராஃப் ஜெனரேட்டரின் 'பான் ஹார்ட்ஸ்', 1971: சொந்த நாடான இங்கிலாந்தில் சீந்துவாரில்லை, இத்தாலியில் முதலிடம். பீட்டர் ஹாமில் கத்துவதைத் தாங்க முடிந்தால் அதில் வரும் கலங்கரை விளக்கப் பாட்டு 23 நிமிஷமும் உங்களை விடாது. தாங்க முடியாவிட்டால் முதல் நிமிஷத்திலேயே ஊசி மேலே. ஜென்டில் ஜயண்டின் 'ஆக்டபஸ்', 1972: 34 நிமிஷம்தான், சலிக்க நேரமே கிடைக்காது. எமர்சன் லேக் அண்ட் பால்மரின் 'ப்ரெய்ன் சாலட் சர்ஜரி', 1973: அரைமணி நேரப் பாட்டு ஒரு பக்கத்தில் அடங்காமல், நடுவில் வெட்டித் தட்டைத் திருப்பிப் போடவைத்த ஆல்பம். அதற்கு முன்னால் 'பென்னி த பவுன்சர்' என்று ஒரு ஜோக். பிடித்தமான குழு, ஆனால் அந்த ஜோக்கை மன்னிக்க மனம் வரவில்லை.

ரஷ்ஷின் 'மூவிங் பிக்சர்ஸ்' 1981இல் வந்தது. எழுபதுகளின் கணக்கில் சேர்க்கலாமா என்றே தகராறு, அதனால் வெளியே வைக்கிறேன். ஆனால் 'ஒய் ஒய் ஸீ' பாட்டை மட்டும் கேட்டுவிடுங்கள். டொரன்டோ விமான நிலையத்தின் குறியீட்டை மோர்ஸ் தந்தியில் அடித்தால் வரும் தாளம் அது. கோட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று தட்டிப் பாருங்கள்: ஏழு, ஏழு, ஆறு. மொத்தம் இருபது. கணக்கு கச்சிதமாக முடியும்.

ஆக வரிசை இதுதான்: 'க்ளோஸ் டு தி எட்ஜ்', 'விஷ் யூ வேர் ஹியர்', 'கிரிம்சன் கிங்', 'ரெட்', 'டார்க் சைட்', 'செல்லிங் இங்லண்ட்', 'திக் ஆஸ் எ பிரிக்', 'பான் ஹார்ட்ஸ்', 'ஆக்டபஸ்'. பத்தாவது இடத்தைக் காலியாக விடுகிறேன், வாரா வாரம் ஆள் மாறுகிறது. முதலும் இரண்டும் தவிர மற்றது எதுவும் கல்வெட்டு இல்லை. நான்காவதும் மூன்றாவதும் போன வருஷம்தான் இடம் மாறின.

கேட்கும் வரிசை இது இல்லை. புதிதாகக் கேட்கிற நீங்கள் 'விஷ் யூ வேர் ஹிய'ரில் ஆரம்பியுங்கள், காத்திருக்கப் பழக்கிவிடும். அதன்பின் 'செல்லிங் இங்லண்ட்' முதல் பக்கம் மட்டும். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' மூன்று தடவை கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் தடவை யாருக்கும் புரிந்ததில்லை. ஹாமிலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிப்பு என்று அடுத்துக் கேட்பீர்கள். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மூல டேப்புகளிலிருந்து மறுகலவை (ரீமிக்ஸ்) செய்த பதிப்புகள் கிரிம்சன், டல், யெஸ், ஜென்டில் ஜயண்ட் எல்லாவற்றுக்கும் இருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கிரிம்சன் கிங்கின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு 2009இல் வந்தது, ஃப்ரிப்பே கூட இருந்து செய்தது. ஆவலாக வாங்கிப் போட்டுப் பார்த்தேன். 'மூன்சைல்ட்' பாட்டின் டிங்கு டிங்கில் சுமார் மூன்று நிமிஷத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். முழு நீளப் பாட்டு வேண்டுகிறவர்களுக்குத் தட்டின் கடைசியில் தனியாக வைத்திருக்கிறார்கள்.